'தெரியாது' என்ற வாதமும் அரசின் கடமையும்

குழந்தைகளின் பாலியல் காணொளிகளைச் செல்போனில் வைத்திருந்ததாக 2020-ல் அம்பத்தூர் அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் ஓர் இளைஞர் மீது வழக்குப் பதிவானது. தனியாகப் பார்த்ததைத் தவிர அவர் யாருக்கும் அனுப்பவில்லை என்பதால், 2024 ஜனவரி 11 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்து, திருவள்ளூர் மகிளா நீதிமன்றத்தில் விசாரணை தொடர உத்தரவிட்டது. இப்படி வைத்திருப்பது குற்றம் என்றே தெரியாது என்ற வாதத்தையும் அது ஏற்கவில்லை. இந்தத் தீர்ப்பு சரியானது. தனியாகப் பார்ப்பது தனிப்பட்ட உரிமை என்கிறார்கள் சிலர். அந்தப் படத்தில் இருக்கும் குழந்தையின் உரிமையை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொருவர் போனிலும் அது தங்கியிருக்கும்வரை அந்தக் குழந்தைக்கு நடந்த கொடுமை முடிவதில்லை.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அதை லேசாக ஒதுக்க முடியாது. ஆம்பூரிலும் பேரணாம்பட்டிலும் ஷூ கம்பெனிக்கும் தோல் தொழிற்சாலைக்கும் போகும் குடும்பங்களில் ஒரே போனை அப்பா, அம்மா, பிள்ளை என்று மாறி மாறிப் பயன்படுத்துவது சாதாரணம். வாட்ஸ்அப் குழுவில் யாரோ போட்ட காணொளி தானாகவே கேலரியில் இறங்கிவிடுகிறது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டத்தின் 15-வது பிரிவோ, பகிரும் எண்ணத்தோடு இத்தகைய காணொளியை அழிக்காமலும் புகார் செய்யாமலும் வைத்திருந்தாலே தண்டிக்கிறது. முதல்முறை என்றால் குறைந்தது 5,000 ரூபாய் அபராதம். அந்த எண்ணம் இருந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்கும் என்கிறது 30-வது பிரிவு. இல்லை என்று நிரூபிக்க வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரே, அதுவும் சந்தேகத்துக்கு இடமின்றி. வழக்கறிஞருக்குக் கொடுக்க ஒரு மாதச் சம்பளம் போதாத தொழிலாளிக்கு இது மலையளவு சுமை. ஆனால் காவல்துறை எடுத்த எடுப்பில் இந்த அனுமானத்தின் பின்னால் ஒளிய முடியாது. படம் அவர் வசம் இருந்தது, அவர் அதை அழிக்கவோ புகார் செய்யவோ இல்லை என்பதை முதலில் காட்டியாக வேண்டும். தெரியாமல் ஒரு லிங்க்கைத் திறந்தவரும் உடனே மூடிவிட்டுப் புகார் செய்தால் பொறுப்பிலிருந்து விடுபடுவார் என்று தீர்ப்பே சொல்கிறது. மூடினால் மட்டும் போதாது, தெரிவிக்கவும் வேண்டும்.

இந்த ஒரு வரி தெரிந்தவருக்குத் தற்காப்பு கையிலேயே இருக்கிறது. தெரியாதவருக்குச் சட்டப் புத்தகத்தில் எத்தனை பாதுகாப்பு இருந்தும் பயனில்லை. அதனால்தான் அதிகம் பேசப்படாத 43-வது பிரிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தச் சட்டத்தை வானொலி, தொலைக்காட்சி, பத்திரிகை வழியாக மக்களிடம் தொடர்ந்து கொண்டுசேர்ப்பது மத்திய, மாநில அரசுகளின் கடமை என்கிறது அது. குடிமகனின் அறியாமையை மன்னிக்காத அரசு தன் கடமையைத் தள்ளிப்போடலாகாது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நிர்வாகங்கள் இதைக் கம்பெனி வாசலிலிருந்தே தொடங்கலாம். ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் இடத்தில் ஒரு தமிழ், உருது அறிவிப்புப் பலகை வைக்கட்டும்: இப்படி ஒரு படம் வந்தால் யாருக்கும் அனுப்பாதீர்கள், 1098-க்கு அழையுங்கள், அல்லது மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் தளத்தில் பெயர் சொல்லாமலே பதியுங்கள். புகார் கொடுக்க வருபவரையே குற்றவாளியாக நடத்தக் கூடாது என்று காவல் நிலையங்களுக்கு எழுத்துப்பூர்வ உத்தரவும் போக வேண்டும். அந்தப் பயம் இருக்கும்வரை படத்தைப் பார்த்துப் பதறியவர்கூட அதை அழித்துவிட்டு வாய்மூடி இருப்பார். அனுப்பியவன் அடுத்த குழுவுக்குப் போய்விடுவான்.