மின்விசைப் பின்கதவும் பாதுகாப்புப் பட்டையும்

மோட்டார் வண்டியின் பின்கதவு, பொத்தானை அழுத்திய அளவில் தானே ஏறித் தானே இறங்கும் ஏற்பாடு ஒரு காலத்தில் விலையுயர்ந்த வண்டிகளுக்கே உரியதாக இருந்தது. இன்று இந்தியாவில் விற்பனையாகும் நடுத்தர விலை வண்டிகள் பலவற்றிலும் அது இடம்பெற்றுவிட்டது. ஆகவே, அலுவலக வண்டிகளைப் பராமரிக்கும் ஊழியர்களும், தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் இயந்திரப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர்களும் அதன் பழுதுகளை அறிந்திருக்க வேண்டியவர்களாயினர். அப்பழுதுகளுள் மிகுந்த தொல்லை தருவது ஒன்றுண்டு. கதவு பாதி இறங்கியதும் நின்று, மறுபடியும் மேலே ஏறிவிடுகிறது. அல்லது இறங்கவே மறுக்கிறது. குறுக்கே பெட்டியோ கையோ எதுவும் இல்லை.

இதற்குப் பட்டறைகளில் ஒரு சுருக்கமான பரிகாரம் கையாளப்படுவதுண்டு. கதவின் விளிம்பிலுள்ள பாதுகாப்புப் பட்டையின் கம்பிகளைத் துண்டித்து, அவ்விடத்தில் மிக மலிவான மின்தடைத் துண்டு ஒன்றைப் பற்றவைத்துவிடுவதே அது. கதவு உடனே ஒழுங்காக இறங்கும்; வண்டிக்குரியவரும் மகிழ்வார். எனினும், பழுதுபார்த்தல் என்னும் பெயருக்கே இச்செயல் தகுதியுடையதன்று. பட்டையின் அமைப்பை நோக்குவோர்க்கு இதன் காரணம் எளிதில் புலனாகும்.

பட்டை என்பது குழல் வடிவான ரப்பர். அதன் உள்ளே நீளவாக்கில் இரண்டு மின்கடத்திகள் ஒன்றையொன்று தொடாமல் எதிரெதிரே அமைந்துள்ளன. ஒரு முனை கதவின் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு சேர்க்கப்பட்டிருக்கும். மறுமுனையில் இரண்டு கடத்திகளையும் இணைத்து ஒரு மின்தடைத் துண்டு வைக்கப்பட்டிருக்கும். (கையின் அண்மையையே மின்தேக்குதிறனின் மாறுதலால் அறியும் பட்டைகளும் உள, அவற்றின் சோதனை வேறு.) உணர்கருவி என்னும் பெயர் சற்றே மயக்கம் தருவது. பட்டை விரலையோ மரக்கட்டையையோ உணர்வதில்லை. மின்தடை மாறுகிறது, அவ்வளவே. அம்மாறுதலுக்குப் பொருள் கூறுவது கட்டுப்பாட்டுப் பெட்டி.

எடுத்துக்காட்டாக, பெட்டி 5 வோல்ட் அழுத்தத்தைத் தன்னுள் உள்ள 1000 ஓம் தடையின் வழியே பட்டைக்குச் செலுத்துவதாகவும், பட்டையின் கடைசியில் உள்ள தடையும் 1000 ஓம் என்றும் கொள்வோம். பட்டை நலமாக இருக்கையில் பெட்டி காண்பது 2.5 வோல்ட். பட்டை எங்கேனும் அழுந்தினால் கடத்திகள் ஒன்றையொன்று தொட, அழுத்தம் பூச்சியத்தை நெருங்கும். கம்பி அறுந்தாலோ 5 வோல்ட் முழுவதும் தோன்றும். இவ்வாறு ‘வழி தெளிவு’, ‘ஏதோ சிக்கியது’, ‘என்னால் அறிய இயலவில்லை’ என்னும் மூன்று செய்திகளை இரண்டே கம்பிகள் தெரிவிக்கின்றன. மூன்றாவது செய்தி இருப்பதே இவ்வமைப்பின் சிறப்பு. (இவ்வெண்கள் விளக்கத்திற்காகவே, உண்மை அளவுகளை வண்டியின் பழுதுபார்ப்பு நூலிற் காண்க.)

ரயில்வே ஊழியர்களுக்கு இக்கருத்து புதியதன்று. 1872இல் அமெரிக்காவில் வில்லியம் ராபின்சன் உரிமை பெற்ற மூடிய தண்டவாள மின்சுற்று இதே நெறியில் அமைந்தது. தண்டவாளத்தின் ஒரு பகுதியில் ஒருபுறம் பாட்டரியும் மறுபுறம் ரிலேயும் இருக்கும். ரயில் வந்தால் அதன் அச்சுகளின் வழியே மின்னோட்டம் குறுக்கே பாய்ந்துவிட, ரிலே விழும். கைகாட்டி அபாயம் காட்டும். தண்டவாளம் முறிந்தாலும் பாட்டரி தீர்ந்தாலும் அதுவே நிகழும். அறியாமையையும் அபாயமாகவே கருதுவது அதன் இயல்பு. இவ்வியல்பு கெட்டால் நேர்வது என்ன என்பதை 1988 டிசம்பர் 12ஆம் தேதி இலண்டனில் கிளாப்பம் சந்திப்புக்கு அருகில் நேர்ந்த விபத்து காட்டிற்று. பயனற்றுப் போன பழைய கம்பி ஒன்று முற்றிலும் நீக்கப்படாமல் விடப்பட்டிருந்தது. அது தொட்டதால் ரிலேக்குப் பொய்யான மின்னோட்டம் கிடைத்தது. ரயில் நின்றிருந்தும் கைகாட்டி சிவப்புக்கு மாறவில்லை. 35 பேர் மாண்டனர். பற்றவைத்த மின்தடைத் துண்டும் இத்தகைய பொய்ச்செய்தியே. பட்டை அழுந்தினும் 2.5 வோல்ட், அறுந்தினும் 2.5 வோல்ட்.

மோட்டார் தடைப்படுவதை அறியும் ஏற்பாடும் உள்ளதே, அது காக்காதா என்று சிலர் வினவுவர். 1879இல் எட்வின் ஹால் கண்டறிந்த விளைவைக் கொண்டு மோட்டாரின் சுழற்சியை எண்ணி, வேகம் குறைந்தால் கதவைத் திருப்பும் ஏற்பாடு பெரும்பாலும் உண்டு என்பது மெய்யே. ஆயினும் நெம்புகோல் விதியை இங்கே மறத்தலாகாது. கீலிலிருந்து 1 மீட்டர் தொலைவில், கதவின் கீழ் விளிம்பில், 100 நியூட்டன் விசையால் தடைப்பட்டதும் கதவு திரும்புகிறது எனக் கொள்வோம். கீலிலிருந்து 25 செ.மீ. தொலைவில் பக்க விளிம்பில் விரல் அகப்பட்டால், அதே முறுக்கத்தை மோட்டார் உணர்வதற்குள் விரலின்மேல் 400 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 40 கிலோகிராம் எடை, அழுந்திவிடும். தாமாக மூடும் வண்டிச் சன்னல்களுக்கு அமெரிக்காவின் 118ஆம் எண் பாதுகாப்புத் தரம் விதித்துள்ள வரம்பு 100 நியூட்டனே என்பதை ஒப்பு நோக்குக. பட்டைகள் இரு பக்க விளிம்புகளிலும் ஓடுவதன் நியாயம் இது. குழந்தைகள் கை வைப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

எனவே பழுதை உள்ளபடி கண்டறிதலே செய்யத்தக்கது. அது கடினமுமன்று. முதலில் பாட்டரியின் அழுத்தத்தைப் பார்த்துவிட வேண்டும். வலுவிழந்த பாட்டரி பலவகைப் பழுதுகளின் வேடத்தைப் பூணும். வாயுத் தண்டுகள் தளர்ந்திருக்கக் கூடுமாதலால், வேலை தொடங்குமுன் கதவுக்கு உறுதியான முட்டுக் கொடுப்பதும், மின்விசையை நிறுத்துவதும் இன்றியமையாதன.

குறிகாட்டும் கருவியை வண்டியில் இணைத்தால் ‘இடப்பக்கப் பட்டைச் சுற்றில் பழுது’ என்பது போன்ற செய்தி வரும். சுற்று என்றுதான் அது கூறுகிறதேயன்றிப் பட்டை என்று கூறவில்லை. சுற்றில் பட்டையும் உண்டு, சொருகியும் உண்டு, கீலருகே வளையும் கம்பிகளும் உண்டு, பெட்டியும் உண்டு. இதனைக் கவனியாமல் புதிய பட்டையை வாங்கிப் பொருத்தியபின், பழுது அப்படியே இருக்கக் கண்டு வருந்துவோர் பலர். அவர்கள் அடுத்தபடி நாடுவது அந்த மின்தடைத் துண்டைத்தான்.

பட்டையின் சொருகியைக் கழற்றி, மல்டிமீட்டரால் பட்டையின் தடையை அளக்க வேண்டும். வலப் பட்டையும் இடப் பட்டையும் பெரும்பாலும் ஒரே அளவுடையனவாதலால், நலமான பட்டையே நல்ல அளவுகோலாகும். பின்னர் மேலிருந்து கீழாகச் சாண் சாணாக அழுத்திப் பார்க்க வேண்டும். ஒவ்வோர் அழுத்தத்திலும் தடை பூச்சியத்தை நெருங்கி, விட்டவுடன் பழைய அளவுக்கு மீளுதல் வேண்டும். மீளாத இடம் நசுங்கிய இடம். சாமான் ஏற்றும்போது அடிபட்டிருக்கலாம்.

பட்டை நலமெனின், கீலருகே உடலுக்கும் கதவுக்கும் இடையே உள்ள மடிப்பு ரப்பர் உறையை ஐயுறுதல் வேண்டும். கதவு ஏறி இறங்கும்போதெல்லாம் அதனுள் கம்பிகள் வளைந்து நிமிர்கின்றன. நாளடைவில், மேலுறை முழுமையாகத் தோன்றும்போதே உள்ளிருக்கும் செம்பிழைகள் அறுந்துபோகும். கதவு மூடியிருக்கையில் முனைகள் தொட்டுக்கொள்ளும், ஏறுகையில் விலகும். ஆகவே நிலையான கதவில் அளந்து ‘கம்பி சரி’ என்று எழுதிவிடுவது பயனற்றது. ஒருவர் பெட்டிப் பக்கத்துச் சொருகியில் அளக்க, மற்றொருவர் கதவைக் கையால் மெல்ல ஏற்றி இறக்க வேண்டும். எப்போதும் ஒரே உயரத்தில் கதவு திரும்புகிறதென்றால், அக்குறிப்பு பெரும்பாலும் இவ்விடத்தையோ கீலின் இறுக்கத்தையோ சுட்டும்.

மழைக்காலத்தில் வந்து வெயில் ஏறியதும் மறையும் பழுது வேறு வகை. பட்டையிலோ சொருகியிலோ நீர் புகுந்தால், அது கடத்திகளுக்கிடையே இணைத்தடை போல் நிற்கும். முற்கூறிய எடுத்துக்காட்டில், நீரின் தடையும் 1000 ஓம் ஆனால் மொத்தத் தடை 500 ஓம் ஆகிறது. பெட்டி காண்பது ஏறத்தாழ 1.67 வோல்ட். நலமும் அன்று, அழுத்தமும் அன்று. கதவு தயங்குவதில் வியப்பென்ன? சொருகியில் பச்சைக் களிம்பு காணப்பட்டால், நீர் வந்த வழியை அடைத்த பின்னரே அதனைத் துடைத்துப் பயனுண்டு.

ஆசிரியர்களுக்கு இப்பொருள் ஒரு நற்பேறு. அலுமினியத் தாளின் இரண்டு நாடாக்கள், ஆங்காங்கே துளையிட்ட நுரைப்பட்டை, ஒரு மின்தடைத் துண்டு, ஒரு மல்டிமீட்டர் ஆகியவை போதும்; ஓம் விதியும் இணைத்தடைக் கணக்கும் வகுப்பறையிலேயே ஒரு கதவைக் காக்கும். ஈரத்துணியை இடையில் வைத்து மழைக்காலப் பழுதையும் உண்டாக்கிக் காட்டலாம்.

பழுது நீங்கியபின், நூலில் கூறியவாறு கதவின் மேல், கீழ் எல்லைகளைப் பெட்டிக்கு மீண்டும் அறிவுறுத்தி, இரு பக்கங்களிலும் சுருட்டிய துணியை வைத்துச் சோதிக்க வேண்டும்; கையை வைத்துச் சோதித்தல் ஒருபோதும் கூடாது. கதவு முற்றிலும் மூடுதற்குச் சற்று முன்னர் இப்பாதுகாப்பு இயங்காதிருக்கக்கூடும் என்பதை ஓட்டுநருக்குச் சொல்லிவைப்பதும் நன்று. புதிய பட்டை கிடைக்கத் தாமதமாயின், கதவின் மின்விசையை நிறுத்தி, அதனைக் கையால் மூடும்படி விடலாம். அவ்வாறு செய்த தேதியையும் காரணத்தையும் வண்டியின் பதிவேட்டில் எழுதி, ‘கையால் மூடவும்’ என்ற சீட்டைக் கதவின் உட்புறம் ஒட்டிவிட வேண்டும்.