தேறாத வண்டிக்குத் தேர்ச்சிச் சான்றிதழ்

நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தம்பி மகன் ஒரு கேள்வி போட்டான். கைமாறிய கார் ஒன்று வாங்கியிருக்கிறான், 2011 மாடல், பெட்ரோல். புகைப் பரிசோதனையில் ஃபெயில். "எங்க போனா உடனே சர்டிபிகேட் தருவாங்க?" என்பதுதான் கேள்வி. பத்து நிமிடத்தில் ஏழு பதில். மாப்பிள்ளை ஒருவர் சென்டரின் பெயரையும் ரேட்டையும் சேர்த்தே போட்டார். இன்னொருவர், "வண்டிய எதுக்குக் கொண்டு போறே, போட்டோ இருந்தா போதும், நான் பாத்துக்கறேன்" என்றார். என்னிடமே பிளஸ் டூ வேதியியல் படித்த அக்கா பேரன், "குழாயைப் பாதி மட்டும் சொருகச் சொல்லு மாமா, நம்பர் இறங்கிடும்" என்று வழி காட்டினான். ஏன் ஃபெயில் ஆச்சு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

முப்பத்திரண்டு வருடம் விடைத்தாள் திருத்தியவன் நான். ஃபெயிலான பையனின் அப்பா வந்து, "அஞ்சு மார்க் பாத்துப் போட்டு விடுங்க சார்" என்று கைகட்டி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கெஞ்சலிலாவது ஒரு வலி இருக்கும். பையனுக்கு ஒரு வருடம் போய்விடும். கார் ஃபெயிலானால் என்ன போகும்? ஒரு நாள் பட்டறையில் நிற்கும். அந்த ஒரு நாளுக்குப் பொறுக்காமல் நாம் மார்க் ஷீட்டைத் திருத்தச் சொல்கிறோம்.

இத்தனைக்கும் இந்தப் பரீட்சை ஒன்றும் கடினமானதில்லை. பழைய வண்டிக்குச் சட்டமே சலுகை கொடுத்திருக்கிறது. பிஎஸ்-2 வருவதற்கு முந்தைய பெட்ரோல் காருக்கு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை, ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம் வரை இருக்கலாம். பிஎஸ்-2, பிஎஸ்-3 கார் என்றால் 0.5 சதவீதம், 750 பிபிஎம். பிஎஸ்-4 என்றால் 0.3, 200. அதாவது தாத்தாவுக்கு ஒரு வினாத்தாள், பேரனுக்கு ஒரு வினாத்தாள். வயதுக்கேற்ற வினாத்தாளிலும் பிட் அடிக்கிறோம்.

தம்பி மகனைத் தனியாகக் கூப்பிட்டு, மெஷினில் என்ன எண் வந்தது என்று கேட்டேன். அதைக்கூட அவன் பார்த்து வைத்திருந்தது எனக்கு ஆறுதல். கார்பன் மோனாக்சைடு 1.8, ஹைட்ரோகார்பன் 410. அவன் வண்டி பிஎஸ்-3. ஆக இரண்டாவது பாடத்தில் பாஸ், முதல் பாடத்தில்தான் ஃபெயில். வகுப்பில் நான் நடத்தியது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். எரிவதற்கு ஆக்சிஜன் போதாவிட்டால் கார்பன் பாதி வழியில் மோனாக்சைடாக நின்றுவிடும். எனவே இந்த எண் ஏறினால், காற்றின் அளவுக்கு மேல் பெட்ரோல் போகிறது என்று பொருள். ஆக்சிஜன் சென்சார் மந்தமாகியிருக்கலாம். இஞ்செக்டர் ஒழுகலாம். எஞ்சின் சூட்டைச் சொல்லும் சென்சார் கெட்டுப்போய், சூடான எஞ்சினையும் 'இன்னும் குளிர்ச்சிதான்' என்று கணினியிடம் பொய் சொல்லிக்கொண்டிருக்கலாம். ஏர் ஃபில்டரையும் ஒருமுறை கழற்றிப் பார்க்க வேண்டும். மாறாக ஹைட்ரோகார்பன் மட்டும் ஏறியிருந்தால் எரியாத பெட்ரோல் அப்படியே வெளியே வருகிறது. பிளக், இக்னிஷன் காயில், வால்வு என்று அந்தப் பக்கம் தேட வேண்டும். இரண்டும் ஏறியிருந்தால் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சந்தேகிக்கலாம். அல்லது வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் சென்டருக்குக் குளிர்ந்த எஞ்சினோடு போயிருப்பீர்கள். கன்வெர்ட்டர் ஏறத்தாழ 300 டிகிரி சூடானால்தான் வேலையே செய்யத் தொடங்கும். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, எஞ்சினை அணைக்காமல் சோதனைக்குக் கொடுத்துப் பாருங்கள். அதில் ஏமாற்று எதுவும் இல்லை, விதியே சூடான எஞ்சினைத்தான் கேட்கிறது.

பாருங்கள், இரண்டே எண்கள். ரத்தப் பரிசோதனைத் தாள் மாதிரி எங்கே நோய் என்று சொல்லிவிடுகின்றன. அதுவும் ஒரு சினிமா டிக்கெட் விலைக்குள். அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, 'நலமாக இருக்கிறார்' என்று காசு கொடுத்து எழுதி வாங்கி வந்து, மாதம் மாதம் கூடுதல் பெட்ரோல் போட்டு ஓட்டுவதை நம் வீட்டுப் பிள்ளைகள் சாமர்த்தியம் என்று நினைக்கிறார்கள்.

நான் வைத்திருப்பதும் 2008 மாடல்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் அதுவும் இப்படித்தான் ஃபெயிலானது. ஆக்சிஜன் சென்சார், நாலு பிளக், ஏர் ஃபில்டர், ஆயில் சர்வீஸ், கூலி எல்லாம் சேர்த்து ஏழாயிரத்துச் சொச்சம் ஆனது. மறுபடி அளந்தபோது 0.2. லிட்டருக்கு பதினொன்று கொடுத்துக்கொண்டிருந்த வண்டி பதினான்கு கொடுக்க ஆரம்பித்தது. பென்ஷன்காரனுக்கு அது சின்ன விஷயமில்லை.

இனி அந்தத் தந்திரங்களைப் பற்றி. குழாயைப் பாதி சொருகச் சொன்ன பேரனுக்கு: கண்ணு, ஏறக்குறைய ஓர் அடி ஆழம் உள்ளே போக வேண்டிய குழாய் அது. வாயிலேயே நிறுத்தினால் வெளிக்காற்று கலந்து எண் இறங்கும், நிஜம்தான். ஆனால் நான்கு வாயு அளக்கும் மெஷினில் ஆக்சிஜன் ஏறிக் காட்டிக் கொடுத்துவிடும். சோதனைக்கு முன்னால் பெட்ரோலைக் குறைத்து டியூன் செய்து, சான்றிதழ் வந்ததும் பழையபடி திருப்பி வைப்பது இன்னொரு வித்தை. கார்புரேட்டர் காலத்திலிருந்து வருகிறது. இதையெல்லாம்விட மோசமானது ஒன்று. கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. அதற்கு விலை உண்டு என்பதால், "அடைச்சுக்கிச்சு சார், இது இல்லாம வண்டி நல்லா இழுக்கும்" என்று சொல்லி வெட்டியெடுத்து, வெறும் குழாயை வெல்டிங் வைத்து அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. கைமாறிய வண்டி வாங்குகிறவர்கள் அடியில் குனிந்து பாருங்கள். பெயிண்டைத் தடவிப் பார்க்கிற நேரத்தில் பாதி போதும்.

"கவர்மென்ட் பஸ் கரும்புகை விடுதே, அதைக் கேட்டீங்களா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். சத்திரம் பேருந்து நிலையத்தில் அரை மணி நேரம் நின்றவன் யாரும் அதை மறுக்க மாட்டான். ஆனால் பக்கத்து பெஞ்சுக்காரன் காப்பி அடித்ததால் நானும் அடித்தேன் என்று சொன்னவனை நான் என்ன செய்வேன் என்று உங்களுக்கே தெரியும். இந்தச் சோதனை முழுமையானதா என்றால், இல்லை. பெட்ரோல் காரில் நைட்ரஜன் ஆக்சைடுகளை இது அளப்பதே இல்லை. அளக்கிற இரண்டையாவது யோக்கியமாக அளக்கலாம் அல்லவா?

கார்பன் மோனாக்சைடு கண்ணுக்குத் தெரியாது, மணக்காது. ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். பாலக்கரை சிக்னலில் உங்கள் சைலன்சருக்கு இரண்டடி பின்னால், பைக்கின் டேங்க் மேல் உட்கார்ந்திருக்கும் குழந்தை அந்தப் புகையைத்தான் சுவாசிக்கிறது. பின்னால் இருப்பவர்களைப் பற்றிக் கவலை இல்லையா, சரி, உள்ளே இருப்பவர்களைப் பற்றி யோசியுங்கள். நிறுத்திய காரில் ஏசி போட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவே இல்லை என்ற செய்தியைப் பேப்பரில் படித்து 'உச்' கொட்டுகிறோம். மோனாக்சைடு அதிகம் கக்கும் எஞ்சின், ஓட்டை விழுந்த புகைக்குழாய், மூடிய கண்ணாடி. இதில் முதல் இரண்டும் சோதனையை ஒழுங்காகச் செய்தால் பிடிபடக்கூடியவை.

பழைய வண்டியை வெறுப்பவன் என்று என்னை நினைக்காதீர்கள். எல்லோராலும் புதுக் கார் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். ஓடுகிற வண்டியைப் பராமரித்து ஓட்டுவது நல்ல காரியம். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாருங்கள். 15 வருடம் முடிந்த காரின் பதிவைப் புதுப்பிக்க 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலில் 5000 ஆனது. டெல்லி வட்டாரத்தில் பத்து வருட டீசல் வண்டியும் பதினைந்து வருட பெட்ரோல் வண்டியும் ஓடக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. அந்த வழக்கு பிறகு பல திருப்பங்களைக் கண்டது. வண்டிக்காரர்கள் என்ன சொன்னார்கள்? 'வயதைப் பார்க்காதீர்கள், புகையை அளந்து பாருங்கள்' என்றார்கள். அருமையான வாதம். நானும் அதே கட்சிதான். ஆனால் அதே டெல்லியில், அளவு மீறிப் புகை விட்ட ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்றிதழ் கொடுத்திருக்கிறார்கள் என்று தணிக்கைத் துறையின் அறிக்கை 2025-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அளந்து பாருங்கள் என்று இனி எந்த முகத்தோடு கேட்பது? பழைய காருக்கு இருக்கிற ஒரே சாட்சி அந்த மெஷின். அந்தச் சாட்சியை நாமே விலைக்கு வாங்கிவிட்டால், நாளைக்கு நம்மூரிலும் பிறந்த தேதியைப் பார்த்துத்தான் தீர்ப்பு எழுதுவார்கள். அன்று ஒழுங்காகப் பராமரித்தவன் வண்டியும் சேர்ந்தே உடைப்புக்குப் போகும்.

என் மாணவர்களில் மூன்று பேர் பட்டறை வைத்திருக்கிறீர்கள். ஒருவர் புகைச் சோதனை சென்டரே நடத்துகிறார். பெயர் சொல்லவில்லை, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். "சார், நான் இல்லேன்னா பக்கத்து சென்டர்ல போய் வாங்கிக்குவாங்க, எனக்குத்தான் நஷ்டம்" என்று நீங்கள் சொன்னதை மறக்கவில்லை. அது உண்மையான கஷ்டம். சான்றிதழ் இல்லாமல் ஓட்டினால் 190-ஆம் பிரிவில், 2019 திருத்தத்துக்குப் பின் 10,000 ரூபாய் வரை அபராதம் என்று ஓட்டுகிறவனை மிரட்டும் அரசு, பொய்ச் சான்றிதழ் விற்கிறவனை அதே வேகத்தில் தேடுவதில்லை. அதற்காக நான் மனு எழுதத் தயார், கையெழுத்துப் போட நீங்கள் தயாரா என்று சொல்லுங்கள். அதுவரை ஒன்று செய்யலாம்: ஃபெயிலான வண்டிக்காரருக்கு அந்த இரண்டு எண்களையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, எதைப் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று இரண்டு வரி சேருங்கள். பட்டறை வைத்திருக்கும் உங்கள் வகுப்புத் தோழனுக்கும் வேலை வரும்.

பின்னூட்டத்தில் "எந்த சென்டர்ல கிடைக்கும் சார்" என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள், அழித்துவிடுவேன். ஃபெயிலான வண்டியின் இரண்டு எண்களையும், ஆர்சியில் எந்த பாரத் ஸ்டேஜ் என்று போட்டிருக்கிறது என்பதையும் அனுப்புங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மாலை ஐந்து மணிக்கு மேல் போனிலும் கூப்பிடலாம், மதியம் தூங்குவேன்.