விஞ்ஞான விளக்கம்: எடை மாறின் உருகுநிலையும் மாறும்

ஒரே தனிமத்தின் அணுக்கள் யாவும் ஒரே எடையுடையன அல்ல. இரசாயன குணத்தில் ஒத்தும் எடையில் வேறுபட்டும் நிற்கும் அவற்றை ஐசோடோப்புகள் என்பர். "குணம் ஒன்றாயின், உறைந்த வாயு உருகும் வெப்பநிலையும் ஒன்றாகத்தானே இருத்தல் வேண்டும்?" என்று அன்பர் ஒருவர் வினவியுள்ளார். அன்று என்பதே விடை.

சாதாரண ஹைட்ரஜனைக் குளிர்வித்துக் கட்டியாக்கினால், அது பூஜ்யத்திற்குக் கீழ் 259 டிகிரி செண்டிகிரேடில் உருகிவிடும். இரு மடங்கு எடையுள்ள கன ஹைட்ரஜனோ, பூஜ்யத்திற்குக் கீழ் ஏறத்தாழ 254 டிகிரி வரை கட்டியாகவே நிற்கும். மும்மடங்கு எடையுள்ள டிரிட்டியம் மேலும் ஏறத்தாழ இரண்டு டிகிரி தாங்கும்.

காரணம் யாது? எத்துணைக் கடுங்குளிரிலும் அணுக்கள் முற்றிலும் அடங்கிவிடுவதில்லை. குவாண்டம் விதிப்படி ஓர் அதிர்வு எஞ்சியே நிற்கும். எடை குறைந்தவை மிகுதியாக அதிர்வதால் அவற்றின் கட்டு எளிதில் தளர்கிறது. கனமானவற்றைத் தளர்த்த அதிக வெப்பம் வேண்டும். அணுக்களின் கவர்ச்சி மிகக் குறைந்த ஹீலியமோ, இவ்வதிர்வினால் சாதாரண அழுத்தத்தில் உறைவதே இல்லை. அதை உறையவைக்கக் காற்றழுத்தத்தைப் போல் 25 மடங்கு அழுத்தம் தேவை. அதனினும் எடை குறைந்த ஹீலியம்-3க்கு இன்னும் மிகுதியாக வேண்டும்.

இவ்வேற்றுமையால் விளைந்த பயன் பெரிது. திரவ ஹைட்ரஜனை மெல்ல ஆவியாக்கினால் இலேசானது முந்திச் செல்லும், கனமானது பின்தங்கும். 1931இல் அமெரிக்க விஞ்ஞானி ஹெரால்டு யூரே, அவ்வாறு எஞ்சிய பகுதியை ஆராய்ந்தே கன ஹைட்ரஜனைக் கண்டறிந்தார். 1934இல் நோபல் பரிசும் பெற்றார். 1962இல் பஞ்சாபின் நங்கலில் தொடங்கிய நம் நாட்டின் முதற் கனநீர் ஆலையிலும் திரவ ஹைட்ரஜனைக் காய்ச்சி வடிக்கும் முறை கையாளப்பட்டது.

இதில் ஓர் இடரும் உண்டு. 1990ஆம் ஆண்டின் சர்வதேச வெப்பநிலை அளவுகோலில், நியான் திட, திரவ, வாயு நிலைகள் மூன்றிலும் ஒருங்கே நிலவும் 24.5561 கெல்வின் ஒரு நிலைப்புள்ளியாகும். நியான்-20க்கும் நியான்-22க்கும் இடையே இப்புள்ளி ஏறத்தாழ 0.15 டிகிரி வேறுபடுகிறது. இவ்விரண்டின் விகிதம் உருளைக்கு உருளை சிறிது மாறினும், ஆயிரத்தில் ஒரு பங்கு டிகிரிக்கும் குறைவாகக் கணக்குப் பார்க்கும் இரு ஆய்வுக்கூடங்களின் முடிவுகள் ஒவ்வாமற் போகும். படிக்கல்லே வேறுபட்டால் நிறுத்த சரக்கின் கணக்கு என்னாவது? ஆகவேதான், வாயுவின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்து அதற்கேற்பத் திருத்தம் செய்கின்றனர்.

வாயுக்களுக்கு மட்டுமன்று, நீருக்கும் இது பொருந்தும்: கனநீர்ப் பனிக்கட்டி உருகுவது 3.8 டிகிரியில். அன்பர்கள் தம் பிள்ளைகளுக்கு இதனை எடுத்துரைப்பார்களாக. ஐயங்களை எழுதியனுப்பின் அடுத்த இதழ்களில் விளக்க முயல்வோம்.