எடை சரி, கொழுப்பு சரியா?



செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு நிறுக்கிற தராசுக்கு அரசு முத்திரை உண்டு. வியாபாரத்துக்கு வைத்திருக்கும் மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் நம் உடம்பை நிறுத்து, "கொழுப்பு 27.4 சதவீதம்" என்று செல்போனில் தீர்ப்புச் சொல்கிறதே ஸ்மார்ட் தராசு, அதற்கு யார் முத்திரை வைத்தார்கள்?

விடுதி நண்பன் ஒருவன் அந்த எண்ணைப் பார்த்து ராத்திரிச் சாப்பாட்டையே விட்டுவிட்டான். "மெஷின் பொய் சொல்லுமாடா?" என்றான். நாமக்கல்லில் இருந்து வந்த அவன் அம்மாவோ, "ஏஞ்சாமி இப்படி எளச்சுப் போயிட்டே?" என்று கண் கலங்கினார். எதை நம்புவது? அம்மா கண்ணையா, மெஷினையா?

பதில் நம் பாடத்திலேயே இருக்கிறது. தராசின் நான்கு மூலையிலும் லோட்செல். ஏறி நின்றால் ஸ்ட்ரெயின் கேஜின் மின்தடை மாறும். லேபில் நாம் கட்டிப் பார்த்த வீட்ஸ்டன் பிரிட்ஜ்தான் அதைக் காட்டுகிறது. இது நேரடி அளவு. சமமான கெட்டித் தரையில் வைத்தால் பெரும்பாலும் நம்பலாம்.

கொழுப்புக் கணக்கு அப்படியல்ல. ஒரு பாதத்திலிருந்து மறு பாதத்துக்குச் சிறு மின்னோட்டம் போகிறது. நீர் நிறைந்த தசை அதை நன்றாகக் கடத்தும்; கொழுப்பு அவ்வளவாகக் கடத்தாது. அந்தத் தடையோடு உயரம், வயது, ஆணா பெண்ணா என்பதையும் சூத்திரத்தில் போட்டால் வருவதுதான் 27.4. அளந்தது தடையை, கொழுப்பு வெறும் ஊகம்! வியர்க்க விளையாடி வந்தாலும், பாதம் காய்ந்திருந்தாலும் எண் மாறிவிடும்.

சூத்திரம் யார் உடம்பை வைத்துப் போட்டது? 2004-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யுட்கினும் தங்களையே உதாரணமாகக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு (பி.எம்.ஐ.) இருவருக்கும் 22.3. கொழுப்போ யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம், யுட்கினுக்கு 9.1! அவர் உடம்புக்குப் போட்ட கணக்கு நமக்கு அப்படியே பொருந்துமா?

தசமப் புள்ளி இருப்பதாலேயே ஒரு எண் துல்லியமாகிவிடாது. மல்டிமீட்டர் வாங்கினால் பிழை எவ்வளவு என்று கையேட்டில் போடுகிறார்கள். கொழுப்பு எண்ணுக்கும் அதைப் பெட்டி மேலேயே போடட்டும்!

அதுவரை நாமே சோதிப்போம். முத்திரையுள்ள 10 கிலோ எடைக்கல்லோடு ஒருமுறை, இல்லாமல் ஒருமுறை ஏறுங்கள். வித்தியாசம் 10 வர வேண்டும். கொழுப்பு எண்ணைத் தினமும் பார்த்துப் பயப்படாதீர்கள். காலை வெறும் வயிற்றில் பார்த்து, மாதக்கணக்கில் ஏறுகிறதா இறங்குகிறதா என்று மட்டும் கவனியுங்கள். பேஸ்மேக்கர் வைத்தவர்கள் ஏறவே வேண்டாம்.

நண்பன் இப்போது ராத்திரியும் சாப்பிடுகிறான். அம்மா கண்ணுக்கு முத்திரை தேவையில்லை!