இடம் மாறிய புத்தகம்

பட்டினப்பாக்கத்தில் வசிக்கும் நண்பர் ஒருவர், சென்ற ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூரில் ஒரு புத்தகக் கடைக்குப் போயிருந்தார். அவர் கேட்டது அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. ஒரு பிரதி இருப்பதாகக் கடையின் கம்ப்யூட்டர் சொல்லிற்று. நாவல் அலமாரியில் அரை மணி நேரம் தேடியும் அகப்படவில்லை. சிப்பந்தி கையை விரித்துவிட்டார். ஏமாற்றத்துடன் திரும்பிய நண்பரின் கண், வாசலருகே பூகோளப் புத்தகங்களின் மேல் விழுந்தது. உலகப் படங்களுக்கு நடுவே அந்த ஹைதராபாத் கதை சாவகாசமாக உட்கார்ந்திருந்தது!

சிரிக்க வேண்டிய விஷயம்தான். ஆனால் சற்று யோசித்துப் பாருங்கள். விற்றுத் தீர்ந்த புத்தகமானால் கடைக்காரர் மறுபடி வரவழைப்பார். இடம் மாறிய புத்தகமோ கணக்கில் இருக்கிறது. ஆகவே புதுப் பிரதி வராது. கண்ணில் படுவதில்லை; ஆகவே விற்பதுமில்லை. நஷ்டம் கடைக்காரருக்கு மட்டுமா? எழுதியவருக்கும் உண்டு, தேடி வந்தவருக்கும் உண்டு.

தலைப்பை மட்டும் பார்த்து, 'ஒரு புளியமரத்தின் கதை'யை விவசாயத்தில் சேர்த்துவிடுகிற அவசரமும் இதற்குக் காரணம். ஆனால் பெரும் பங்கு நம்முடையதே. எடுத்துப் புரட்டி, விலையைப் பார்த்துவிட்டுக் கைக்கெட்டிய இடத்தில் செருகி விடுகிறோம். கையில் பணம் சேரும் வரை வேறு யாரும் வாங்கிவிடக் கூடாதென்று, சமையல் புத்தகங்களுக்குப் பின்னால் ஒளித்து வைக்கும் மாணவர்களும் உண்டு. அந்த ஆசை நமக்குப் புரிகிறது. ஆனால் பரீட்சைக்கு முதல் நாள் அதையே தேடி வரும் இன்னொரு மாணவன் என்ன செய்வான்?

பட்டினப்பாக்கத்திலிருந்து கடற்கரையோரமாக வடக்கே போனால், சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக் கழக நூலகம் இருக்கிறது. 1924-ல் அப்பல்கலைக் கழகத்தின் முதல் நூலகரானவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். வாசகர்கள் தாமே அலமாரிக்குச் சென்று புத்தகத்தை எடுத்துப் பார்க்க வழி செய்தவர் அவர். 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து நூலக விதிகளில் ஒன்று, வாசகரின் நேரம் வீணாகக் கூடாது என்பதைப் பற்றியது. திறந்த அலமாரி நம்மீது வைத்த நம்பிக்கை. ஒருவர் அஜாக்கிரதையாகச் செருகும் புத்தகம் இன்னொருவரின் நேரத்தைத் தின்றுவிடுகிறது.

நூலகப் புத்தகத்தின் முதுகில் எண் உண்டு. இடம் தவறினால் வரிசையே காட்டிக் கொடுத்துவிடும். கடைப் புத்தகத்துக்கோ சிப்பந்தியின் ஞாபகமே துணை. ஆகவே, நூலகங்களில் படித்த புத்தகத்தை மேசையிலேயே விட்டுவிடச் சொல்வது போல, கடைகளிலும் ஒரு மேசை போட்டு வைக்கலாம். வாங்காத புத்தகத்தை நாமும் அதில் வைக்கலாம். மேசை இல்லையேல் சிப்பந்தியின் கையில் கொடுக்கலாம். இதற்குக் காசு செலவில்லை.

நண்பருக்கு அன்று அதிர்ஷ்டம் இருந்தது. அதிர்ஷ்டத்தை நம்பியா ஒருவர் புத்தகம் வாங்கப் போவது?