மூன்று மாதச் சக்கரவர்த்தியின் ரூபாய்

பண்பொழியிலும் செங்கோட்டையிலும் பழைய வீடுகளைப் பிரித்துக் கட்டும்பொழுது, பரண்மேற் கிடக்கும் பித்தளைச் செம்பிலிருந்து பாரசீக எழுத்துப் பொறித்த வெள்ளி ரூபாய் ஒன்றிரண்டு வெளிப்படுவதுண்டு. 'துலுக்கக் காசு' என்று ஒரு பொதுப்பெயர் சூட்டி, அதைத் தராசில் இட்டு, வெள்ளி விலைக்குக் கொடுத்துவிடுகிறார்கள். அன்று மாலையே அது தட்டாரின் மூசையில் உருகிக் கொலுசாகிறது. விற்கு முன் அதை வாசிப்பார் இல்லையே என்பதுதான் நம் வருத்தம்.

இவ்வாறு அகப்படுவனவெல்லாம் அபூர்வம் என்று நாம் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் கிடைப்பவற்றில் மிகுதி ஆர்க்காட்டு ரூபாயே. இரண்டாம் ஆலம்கீர் 1759இல் கொலையுண்டார். ஆயினும் கும்பினியார் தம் சென்னைத் தங்கசாலையில், அவர் பெயரையும் ஹிஜ்ரி 1172, ஆட்சியாண்டு 6 என்ற கணக்கையும் மாற்றாமலே நெடுங்காலம் அச்சடித்து வந்தனர். மாண்டவர் பெயரால் வாணிகம்! தாமரைப்பூ முத்திரை இருந்தால் சென்னைக் கும்பினியாருடையது. பிறை இருந்தால் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருடையது.

அருமையானவை வேறு. ஹிஜ்ரி 1131 என்ற ஒரே ஆண்டை எடுத்துக்கொள்வோம். 1719 பிப்ரவரியில் சையத் சகோதரர்கள் பரூக்சியரைச் சிங்காதனத்தினின்று இறக்கி, ரபி-உத்-தரஜாத் என்னும் நோயாளி இளைஞரை ஏற்றினர். அவர் ஜூன் மாதம் நீங்க, அவர் தமையனார் இரண்டாம் ஷாஜகான் என்ற பட்டப்பெயருடன் வந்து, செப்டம்பரில் மறைந்தார். பின்னர் முகம்மது ஷா. இடையே ஆக்ராக் கோட்டையில் நிகூசியர் என்பவரும் பாதுஷா என்று முழங்கினார். பாடப் புத்தகம் இவர்களை ஒரு வரியில் தள்ளிவிடும். நாணயமோ தள்ளுவதில்லை. பட்டமேறியவர் முதலில் செய்வன இரண்டு: வெள்ளிக்கிழமைத் தொழுகையில் தம் பெயரை வாசிப்பித்தல், தம் பெயரால் ரூபாய் அடித்தல். ஆதலால் மூன்று மாதச் சக்கரவர்த்திக்கும் டில்லியில் மட்டுமன்றி லாகூர் முதலிய ஊர்களிலும் ரூபாய் உண்டாயிற்று.

பின் ஏன் அவை அரிதாயின? ஆட்சி குறுகியது ஒரு காரணம்; நாணய மாற்றுக்காரரின் கணக்கு மற்றொன்று. புதிதாக அடித்த 'சிக்கா' ரூபாய்க்கே முழு மதிப்பு. அடித்த ஆண்டு கழிந்ததும், வெள்ளி குறையாமலிருந்தாலும், வட்டம் பிடிப்பார்கள். வட்டத்துக்கு அஞ்சியவர்கள் பழையதைத் தங்கசாலைக்கே கொண்டுபோய்ப் புது முத்திரை பெற்றார்கள். மூசைக்குத் தப்பியவையே இன்று நம் கைக்கு வருபவை.

அடையாளம் காண்பது பிரமாத வித்தையன்று. ஹிஜ்ரி எண்ணை இடமிருந்து வலமாகவே படிக்கவேண்டும். நின்ற கோடு ஒன்று. தலையில் பற்கள் வைத்த கோடு மூன்று. அரசர் முதலாண்டில் இருந்தால் ஆட்சியாண்டாக எண் இராது. 'அஹத்', அதாவது ஒன்று, என்ற சொல் இருக்கும். மூன்று மாதத்தாருக்கு இரண்டாம் ஆண்டு ஏது? 'ஷாஜகான்' என்ற பெயரைக் கண்டவுடன் தாஜ்மகாலை நினைத்துவிடக் கூடாது. அவர் காலம் ஹிஜ்ரி 1037 முதல் 1068 வரை. 1131 என்றிருந்தால் இந்த ஷாஜகான் வேறு. தொல்லை ஒன்றுண்டு: அச்சு அகலம், காசு குறுகல். பெயர் பாதி வெட்டுண்டு போயிருக்கும். எஞ்சிய எழுத்தையும், ஆண்டையும், ஊர்ப்பெயரையும் சேர்த்தே முடிவு காணவேண்டும்.

தமிழர் தேடத்தக்கவர் இன்னொருவர் இருக்கிறார்: ஔரங்கசீப்பின் கடைசி மகன் காம்பக்ஷ். செஞ்சி முற்றுகைக்கு அனுப்பப்பட்ட இவ்விளவரசர், மராட்டியருடன் இரகசியம் பேசினாரென்று அங்கேயே சிறைப்பட்டார். சிறை செய்தவர்களில் ஒருவர் ஜுல்பிகார் கான். தந்தை 1707இல் இறந்ததும் தக்காணத்தில் முடி சூடி, பிஜாப்பூரிலும் ஹைதராபாத்திலும் நாணயம் அடித்தார். 1709 ஜனவரியில் ஹைதராபாத்துக்கு அருகே தமையனார் பகதூர் ஷாவின் சேனையோடு பொருது, காயமுற்று மாண்டார். எதிர்ச்சேனையில் அதே ஜுல்பிகார் கான்! காம்பக்ஷின் ரூபாய் கிடைத்தால், அதைச் செஞ்சிக் கதையின் கடைசி ஏடு எனலாம்.

ஆகவே பெட்டியில் காசு கண்ட தாய்மார்கள் அதை விபூதியிட்டுத் தேய்க்க வேண்டா, புளியும் வேண்டா. எழுத்தின் விளிம்பு தேய்ந்தால் பெயரே போய்விடும். மெல்லிய தாளை மேலே வைத்துப் பென்சிலால் உரசினால் இருபுறமும் படியும். எடை பதினொன்றரை கிராமுக்கு அருகில் நிற்கவேண்டும். அத்தாளை எழும்பூர் அருங்காட்சியகத்தாரிடம் காட்டலாம். மண்ணிலிருந்து தோண்டி எடுத்ததாயின் கதை வேறு: 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும்.