மூளை இல்லாத குமாஸ்தா

தலைப்பைப் பார்த்ததும் என்னோடு வேலை பார்த்தவர்கள் சிலர், யாரைச் சொல்கிறேன் என்று யோசிக்கத் தொடங்கியிருப்பார்கள். கவலை வேண்டாம். இவர் பிரான்சு நாட்டுக்காரர்.

வருடத்துக்கு ஒரு முறையாவது இவர் கதை வாட்ஸ்அப்பில் வந்துவிடுகிறது. தலைக்குள் மூளையே இல்லை, வெறும் தண்ணீர்தான். ஆனாலும் அரசாங்க உத்தியோகம் பார்த்தார், கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பிள்ளைகளைப் பெற்றார் என்று. கூடவே ஒரு கருப்பு வெள்ளை ஸ்கேன் படம். அனுப்புகிறவர்கள் தங்கள் பொழிப்புரையையும் சேர்த்துவிடுவார்கள். ஒருவர் ஆன்மா இருந்தால் போதும் என்பார். இன்னொருவர், இயற்கை தன்னைத்தானே சரி செய்துகொள்ளும், டாக்டர்கள்தான் தேவையில்லாமல் கத்தியைத் தூக்குகிறார்கள் என்பார். முதல் பொழிப்புரையால் யாருக்கும் கெடுதல் இல்லை. இரண்டாவது ஆளைக் கொல்லும். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

உண்மையில் நடந்தது என்ன? 2007 ஜூலையில் லான்செட் மருத்துவ இதழில், மார்சேய் நகர டாக்டர் லியோனெல் ஃபெய்யேயும் அவருடைய சகாக்களும் ஒரு சிறு குறிப்பு எழுதினார்கள். 44 வயது அரசு ஊழியர். இரண்டு வாரமாக இடது காலில் லேசான பலவீனம் என்று வந்தார். ஸ்கேன் எடுத்தால் மூளையின் உள்ளறைகள் நீரால் பெருத்து, மூளை ஓரமாக நெருக்கப்பட்டு மெல்லிய அடுக்காக இருந்தது. மூளை இல்லாமல் இல்லை, ஒதுங்கி இருந்தது. அறிவுத்திறன் சோதனையில் 75 வந்தது. சராசரி 100. குறைவுதான், ஆனால் பிழைப்பை நடத்திக்கொண்டிருந்தார்.

வாட்ஸ்அப்பில் விட்டுப்போகிற பகுதி இனிமேல்தான். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோதே அவருக்குத் தலையில் நீர் கோத்து, அதை வடிக்க ஷன்ட் என்னும் குழாய் வைத்திருந்தார்கள். 14 வயதில் நடை தள்ளாடி, இடது கால் பலவீனப்பட்டது. குழாயைச் சரி செய்தார்கள், கால் சரியானது. 44 வயதில் மறுபடி அடைப்பு. மறுபடி அறுவை சிகிச்சை, மறுபடி குணம். ஆக, இயற்கை தன்னைத்தானே சரி செய்துகொண்ட கதை இல்லை இது. மூன்று தடவை டாக்டர்கள் நீருக்கு வழிவிட்ட கதை.

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். அங்கே இந்த நீருக்கு 'லிகீத் செஃபலோ ராஷிதியான்' என்று பெயர். மூளை தண்டுவட நீர் என்று சொல்லலாம். அந்தப் பெயரை வைத்தவர் பாரிசில் இருந்த ஃபிரான்சுவா மஜாந்தி. 1820களில் அவர்தான், இது வியாதியால் வரும் நீர் அல்ல, ஆரோக்கியமான எல்லோர் தலையிலும் இருப்பது என்று எடுத்துக்காட்டினார். மூளையின் அடியில் அந்த நீர் வெளியேறும் துவாரம் இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

பெரியவர்கள் தலையிலும் தண்டுவடத்திலுமாக இருப்பது சுமார் 150 மில்லி. ஆனால் ஒரு நாளைக்குச் சுரப்பது சுமார் 500 மில்லி. பழையது போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கிறது. இதை நான் ஆபீஸ் கணக்கில்தான் புரிந்துகொண்டேன். தபால் பிரிவில் தினம் 500 கடிதம் வருகிறது. பட்டுவாடாவும் 500 ஆக இருந்தால் மேஜை சுத்தமாக இருக்கும். பட்டுவாடா பக்கம் கதவு அடைத்துக்கொண்டால் மேஜை நிரம்பும், பிறகு அறை நிரம்பும், கடைசியில் உட்கார்ந்திருப்பவர் சுவரோடு நசுங்குவார். தலையில் நீர் கோப்பது பெரும்பாலும் இப்படித்தான். சுரப்பது கூடிப்போவது அபூர்வம். போகிற வழி அடைபடுவதே வழக்கம்.

அப்படியானால் வரவைக் குறைத்தால் என்ன என்று கேட்கத் தோன்றும். என் தெருவில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் ஒரு பெண், உறவுக்காரக் குழந்தைக்காக என்னிடம் கேட்டாள்: "சார், தலையில இருக்கிற தண்ணிய வத்த வைக்க மாத்திரை இருக்காமே? ஆபரேஷன் இல்லாம முடிச்சிடலாமாமே?"

மாத்திரை இருக்கிறது என்பது உண்மை. இந்த நீர் மூளைக்குள் ஓர் இரத்த நாளப் பின்னலில் சுரக்கிறது. அங்கே கார்பானிக் அன்ஹைட்ரேஸ் என்று ஒரு நொதி வேலை செய்கிறது. நொதி என்றால் என்சைம். நம் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுக்காரர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. சுண்ணாம்பில் ஊறிய தோலை மிருதுவாக்க ஒரு காலத்தில் புறாவின் எச்சமும் நாயின் மலமும் போட்டார்கள். அவற்றில் வேலை செய்தது நொதிதான் என்று கண்டு, 1907 வாக்கில் ஜெர்மனியில் ஓட்டோ ரோம் தூளாகவே தயாரித்தார். டேனரியில் நொதி புரதத்தை அரிக்கிறது. மூளையில் இந்த நொதி கரியமில வாயுவையும் தண்ணீரையும் சேர்த்து பைகார்பனேட் ஆக்குகிறது. அந்த உப்புகள் அறைக்குள் செல்ல, பின்னாலேயே நீரும் செல்கிறது. நொதியைத் தடுத்தால் சுரப்பு ஏறக்குறையப் பாதியாகும்.

தடுக்கும் மருந்தின் பெயர் அசிட்டசோலமைடு. கண்ணில் நீர் அழுத்தம் உள்ள நம் வயதுக்காரர்கள் 'டயமாக்ஸ்' என்று சாப்பிட்டிருப்பார்கள். கண்ணிலும் அதே நொதிதான். காரணம் தெரியாமல் தலைக்குள் அழுத்தம் கூடிப் பார்வை மங்குகிறவர்களுக்கு, எடை குறைப்போடு சேர்த்து இந்த மருந்து உதவுகிறது என்று 2014இல் அமெரிக்காவில் நடந்த சோதனை காட்டியது. டாக்டர் பார்த்துக் கொடுக்கும் இடங்கள் உண்டு.

ஆனால் அந்தப் பெண் கேட்டது ஒரு பச்சைக் குழந்தைக்கு. குறைமாதத்தில் பிறந்து, மூளையில் இரத்தம் கசிந்து நீர் கோத்த குழந்தைகளுக்கு இதே மருந்தை இன்னொரு மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 1998இல் லான்செட்டில் முடிவு வந்தது. மருந்து கொடுத்த பிரிவில்தான் அதிகக் குழந்தைகளுக்கு ஷன்ட் தேவைப்பட்டது. நரம்புக் குறைபாடும் அங்கேதான் அதிகம். வரவைப் பாதியாக்கினாலும் பட்டுவாடாக் கதவு அடைத்தே இருந்தால் மேஜை நிரம்பத்தான் செய்யும். "டாக்டர் சொன்ன தேதியை மட்டும் தள்ளிப் போடாதேம்மா" என்றேன்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் ஊர்க் கணக்கே இருக்கிறது. இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறை 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில், கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்று திரும்பிய டாக்டர் ஜேக்கப் சாண்டியால் தொடங்கப்பட்டது. அந்தத் துறையினர் 1991இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். காசநோய் மூளைக்காய்ச்சலால் நீர் கோத்து ஷன்ட் வைக்கப்பட்ட 114 பேரை நெடுநாள் கவனித்து எழுதியது. நினைவு தெளிவாக, குறைபாடு இல்லாமல் வந்தவர்கள் முதல் படி. ஆழ்ந்த மயக்கத்தில் வந்தவர்கள் நான்காம் படி. முதல் படியில் இறந்தவர்கள் நூற்றுக்கு 20. நான்காம் படியில் நூற்றுக்கு நூறு. உலகம் முழுக்க டாக்டர்கள் இதை 'வேலூர் வகைப்பாடு' என்று சொல்கிறார்கள். அதே வியாதி, அதே குழாய். பெரிய வித்தியாசம், எந்த நிலையில் வந்து சேர்ந்தார்கள் என்பதுதான்.

குழாயும் குறையில்லாததல்ல. குழந்தைகளுக்கு வைப்பதில் ஏறக்குறையப் பாதி, இரண்டு வருடத்துக்குள் கோளாறு செய்யும். அதனால் அது ஒரு நாள் ஆபரேஷன் அல்ல, ஆயுள் உறவு. மார்சேய்க்காரருக்கு 14 வயதில் கால் இழுத்தபோது கொண்டுபோக ஆள் இருந்தது. நம்மிடம் எத்தனை பிள்ளைகளின் டிஸ்சார்ஜ் சீட்டு அலமாரியில் கிடக்கிறது?

ஒரு பழைய குமாஸ்தாவின் யோசனை இது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் ஷன்ட் வைத்த பிள்ளைகளுக்குத் தனிப் பதிவேடு ஒன்று வேண்டும். பெயர், வைத்த தேதி, கடைசியாகப் பார்த்த தேதி. மூன்றே கலம். தடுப்பூசி போட வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் டேப் வைத்துத் தலையை அளந்து அட்டையில் எழுத வேண்டும். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ., ஒரு வயதில் சுமார் 46. அதைத் தாண்டி வேகமாக வளர்ந்தாலோ, உச்சிக்குழி புடைத்தாலோ, கருவிழி கீழே இறங்கி நின்றாலோ அன்றைக்கே அனுப்ப வேண்டும். ஏற்கெனவே ஷன்ட் வைத்த பிள்ளைக்கு விடாத தலைவலியும் வாந்தியும் தூக்கக் கலக்கமும் வந்தால், அஜீரணம் என்று ஓம வாட்டர் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நடை, அடக்க முடியாத சிறுநீர், மறதி, இந்த மூன்றும் சேர்ந்து வந்தால் வயசாச்சு என்று விட்டுவிடாதீர்கள். முதியவர்களுக்கும் இப்படி நீர் கோக்கும் என்று கொலம்பியாவின் டாக்டர் சாலமோன் ஹக்கீம் 1965இலேயே எழுதிவிட்டார். எல்லா மறதியும் இதுவல்ல. ஆனால் வடித்துவிட்டால் குறையக்கூடிய மறதி இது ஒன்று. இதுதானா என்று பார்க்க முதலில் ஒரு ஸ்கேன் போதும்.

அடுத்த தடவை அந்தப் படம் உங்கள் போனுக்கு வந்தால் தாராளமாக மற்றவர்களுக்கு அனுப்புங்கள். ஆறு மாதம், 14 வயது, 44 வயது என்ற மூன்று கணக்கையும் கீழே சேர்த்து அனுப்புங்கள்.